பாப்புவா நியூகினி – சாலமன் தீவுகள் ஐக்கிய சபை: சேர்த்து வைத்தது யார்?

கடற்காகம்:

பசிபிக் தீவுகளின் சபைகளைப் பற்றி இங்கே அவ்வப்போது இரண்டு வரி வந்து போகிறது. தனி இழையாகவே பேசிவிடலாம் என்று தொடங்குகிறேன்.

1968 ஜனவரி 19 அன்று நியூ பிரிட்டன் தீவின் ரபவுல் நகரில் மூன்று சபைகள் ஒன்றாயின. முதலாவது பாப்புவா எக்கலேசியா. லண்டன் மிஷன் சங்கத்தின் வேலையிலிருந்து வளர்ந்து 1962இல் தன் காலில் நின்ற சபை. பாப்புவாவின் தென் கடற்கரை ஊர்கள் பெரும்பாலும் அதனுடையவை. இரண்டாவது மெதடிஸ்டு சபை. நியூ பிரிட்டன், நியூ அயர்லாந்து, பாப்புவாவின் கிழக்கு முனைத் தீவுகள், பூகன்வில், சாலமன் தீவுகளின் மேற்குப் பகுதி, 1950 முதல் தெற்கு மலைநாடு என்று பரந்து கிடந்தது. மூன்றாவது, போர்ட் மோர்ஸ்பி நகரத்தில் பெரும்பாலும் வெளிநாட்டார் கூடிவந்த சிறிய ஐக்கிய சபை.

அன்று பாப்புவா நியூகினி ஆஸ்திரேலியாவின் கையில் இருந்தது. சாலமன் தீவுகளோ பிரித்தானியப் பாதுகாப்பு நாடு. இரண்டுக்கும் விடுதலை இன்னும் வரவில்லை. அந்த நிலையில் இரண்டு ஆட்சிகளின் கீழ் வாழ்ந்த மக்கள் ஒரே சபையாக எழுந்து நின்றார்கள்.

இந்த இணைப்பைப் பற்றி நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை லண்டனிலும் சிட்னியிலும் நடந்த குழுக் கூட்டங்களிலிருந்தே தொடங்குகின்றன. யார் எந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தார், எந்த வாரியம் ஒப்புக்கொண்டது என்று. எனக்கு அது போதவில்லை. இந்தச் சபையின் அடித்தளத்தைப் போட்டவர்கள் பசிபிக் தீவுகளிலிருந்தே போன உபதேசியார்கள். குக் தீவு, சமோவா, ஃபிஜி, லாயல்டி தீவு மக்கள். அவர்கள் பெயர்கள் அடிக்குறிப்பில் கிடக்கின்றன. அவர்களைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்பதுதான் என் ஆசை. மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.

மயிலாடிக்காரி:

நல்ல இழை, தம்பி. எங்கள் ஊருக்கும் இதற்கும் ஒரு சொந்தம் இருக்கிறது. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபேயை அனுப்பியதும் இதே லண்டன் மிஷன்தான். நாகர்கோவில், நெய்யூர் சபைகள் எல்லாம் அந்த வேர். பிறகு 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபை, 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை என்று நாங்கள் இரண்டு இணைப்புகளைக் கண்டுவிட்டோம்.

அதனால் ஒரு கேள்வி. நம்மிடத்தில் பெரிய முட்டுக்கட்டை பேராயர் பொறுப்புதான். 1919இல் தரங்கம்பாடிக் கூட்டத்தில் தொடங்கிய பேச்சு 1947 வரை இழுத்தது. ஆங்கிலிக்கன் பேராயர் கை வைக்காத ஆயரின் திருப்பணி செல்லுமா என்பதில்தான் அத்தனை வருடம் போனது. லண்டன் மிஷன் சபைகளுக்கோ பேராயர் என்ற வழக்கமே கிடையாது. பாப்புவாவில் இதை எப்படித் தீர்த்தார்கள்?

கடற்காகம்:

அக்கா, அங்கே ஆங்கிலிக்கன் சபை இணைப்புக்குள் வரவேயில்லை. லூத்தரன் சபையும் வரவில்லை. எனவே பேராயர் கை வைக்கும் வழி அப்போஸ்தலர் முதல் அறுபடாமல் வர வேண்டும் என்ற அந்தத் தொடர்ச்சிப் பிரச்சினை எழவில்லை. ஆனாலும் பேராயர்களை ஏற்படுத்தினார்கள். பாப்புவா எக்கலேசியாவிலும் பேராயர் இல்லை, அங்கிருந்த மெதடிஸ்டு சபையிலும் இல்லை. புதிய சபை தன்னை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டது: பாப்புவா நிலப்பகுதி, பாப்புவாத் தீவுகள், நியூகினித் தீவுகள், பூகன்வில், சாலமன் தீவுகள், மலைநாடு, நகரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேராயர். அவர் சபையாரால் குறிப்பிட்ட காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். அப்போஸ்தலத் தொடர்ச்சி என்ற கோரிக்கை இல்லை. வட்டாரத்து ஆயர்களுக்கு மேய்ப்பராக இருப்பதுதான் அவர் வேலை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிரதமப் பேராயர், பொதுப்பேரவை.

முதல் பிரதமப் பேராயர் வெள்ளை மிஷனரி. 1972இல் அந்தப் பொறுப்பு லெஸ்லி போசெட்டோவுக்கு வந்தது. சாலமன் தீவுகளில் சோய்சல் தீவுக்காரர். 1980 வரை இருந்தார். பிற்காலத்தில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தலைவர்களில் ஒருவரானார். நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே சபை தன் தலைமையைத் தீவு மக்களிடம் கொடுத்துவிட்டது. பாப்புவா நியூகினி விடுதலை 1975, சாலமன் தீவுகள் 1978.

தேரிக்காடு:

உபதேசியார்களின் உழைப்பை நானும் மதிக்கிறேன், அண்ணா. ஆனால் இணைப்பு எளிதாக நடந்ததற்குக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். அது 1890.

அந்த ஆண்டு பிரித்தானிய நியூகினியின் நிர்வாகி வில்லியம் மக்கிரேகர் போர்ட் மோர்ஸ்பியில் மிஷன்களைக் கூட்டினார். தென் கடற்கரை லண்டன் மிஷனுக்கு. கிழக்கு முனையைச் சுற்றிய தீவுகள், அதாவது டோபு, டாந்திரகாஸ்டோ, லூயிசியாட், டிரோபிரியண்ட் எல்லாம் மெதடிஸ்டுகளுக்கு. வடகிழக்குக் கடற்கரை ஆங்கிலிக்கன்களுக்கு. யூல் தீவில் 1885 முதல் இருந்த கத்தோலிக்கர்கள் இந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்படவில்லை. மற்ற மூவரும் பெரும்பாலும் கட்டுப்பட்டார்கள்.

விளைவு என்ன? ஒரு கிராமத்தில் லண்டன் மிஷன் கோயிலும் மெதடிஸ்டுக் கோயிலும் எதிரெதிரே நின்றதே இல்லை. 1968இல் சேர்ந்தபோது எந்த ஊரிலும் ஒரு கோயிலைப் பூட்ட வேண்டியதில்லை, ஓர் ஆயரை மாற்ற வேண்டியதில்லை, பழைய பகையை மறக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் மணி அடித்தது, அதே ஆட்கள் அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். மேலே நிர்வாகம் மட்டும் ஒன்றானது. நீங்கள் மேலே சொன்ன வட்டாரங்களைப் பாருங்கள். பாப்புவா நிலப்பகுதி என்பது பழைய லண்டன் மிஷன் எல்லை. பாப்புவாத் தீவுகள், நியூகினித் தீவுகள் இரண்டும் பழைய மெதடிஸ்டு மாவட்டங்கள். மக்கிரேகர் போட்ட கோடு சபையின் வரைபடத்தில் இன்னும் இருக்கிறது.

எளிதாகச் சேர்ந்தது, அதனால் ஆழமாகச் சேரவில்லை. 1996இல் அது இரண்டானதற்கும் இதுவே காரணம் என்பேன்.

கடற்காகம்:

தேரிக்காடு தம்பி, வலுவான வாதம். அந்தக் கோடு உண்மை, வட்டாரங்களைப் பற்றி நீங்கள் சொல்வதும் உண்மை. ஆனால் கோட்டுக்கு இருபுறமும் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள்.

1871 ஜூலை 1 அன்று டாரஸ் நீரிணையின் எரூப் தீவில் லண்டன் மிஷன் கப்பல் வந்து நின்றது. சாமுவேல் மக்ஃபார்லேனும் ஏ. டபிள்யூ. மரேயும் கூட இருந்தார்கள் என்பது எல்லோரும் சொல்வது. இறங்கித் தங்கினவர்கள் லாயல்டி தீவு உபதேசியார்கள். அடுத்த ஆண்டு, 1872இல், குக் தீவு உபதேசியார்கள் ரரோட்டோங்காவின் டகமோவா வேதபாடசாலையில் படித்து முடித்து மனைவிமாரோடு பாப்புவா வந்தார்கள். மனுமனு என்ற இடத்தில் இறங்கினார்கள். மலேரியா தாங்காமல் 1873இல் போர்ட் மோர்ஸ்பிக்கு மாறினார்கள். வெள்ளை மிஷனரி லாஸ் அங்கே குடியேறியது 1874இல். அதற்குள் உபதேசியார்கள் மோட்டு மொழியைப் பழகியிருந்தார்கள், ஊரோடு உறவு கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ருவாட்டோகா என்பவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மங்காயா தீவுக்காரர். 1872இல் வந்தவர் 1903இல் போர்ட் மோர்ஸ்பியிலேயே இறந்தார். 1878இல் லலோக்கி ஆற்றுப் பக்கம் தங்கம் தேடி வெள்ளைக்காரர்கள் குவிந்தார்கள். அவர்களில் ஒருவன் காய்ச்சலில் சாகக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டு, இரவில் தேடிப்போய், முதுகில் தூக்கிக்கொண்டு வீடுவரை வந்தார் ருவாட்டோகா. அவனை அவரும் மனைவியும் பார்த்துக்கொண்டார்கள். மிஷன் வட்டாரத்தில் பலமுறை சொல்லப்பட்ட சம்பவம் இது. எனக்கு இதில் முக்கியமாகத் தெரிவது ஒன்று: இத்தனை பேர் போற்றியும் அவர் கடைசிவரை உபதேசியார்தான். சம்பளத்திலும் மிஷனரிக் கூட்டத்தில் இடத்திலும் லண்டனிலிருந்து வந்த இளைஞர்களுக்குக் கீழேதான். அந்த அநியாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மெதடிஸ்டுப் பக்கமும் இதே கதை. 1875 ஆகஸ்ட் 15 அன்று ஜார்ஜ் பிரவுன் டியூக் ஆஃப் யார்க் தீவுகளில் இறங்கினார். உடன் வந்தவர்கள் ஃபிஜி, சமோவா உபதேசியார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஃபிஜியில் தட்டம்மை பரவிச் சுமார் 40,000 பேர் இறந்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு சாவு. அந்த நிலையில் நவுலோவா வேதபாடசாலையில் பிரவுன் போய்க் கேட்டபோது மாணவர்கள் எல்லோரும் வருகிறோம் என்றார்கள். புதிதாக வந்திருந்த பிரித்தானிய ஆட்சி கவலைப்பட்டு, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களை அழைத்து ஆபத்தை விளக்கியது. அமினியோ பலெந்த்ரோகந்த்ரோகா என்பவர் எல்லோர் சார்பிலும் பதில் சொன்னார்: யாரும் எங்களை வற்புறுத்தவில்லை, யோசித்தே முடிவு செய்தோம், செத்தாலும் பிழைத்தாலும் போகிறோம் என்ற பொருளில்.

ஆக, கோட்டின் ஒரு பக்கம் குக் தீவுக்காரர், மறுபக்கம் ஃபிஜிக்காரர். மக்களுக்குக் கிறிஸ்தவம் தீவுக்காரரின் முகத்தோடுதான் வந்தது. லண்டன் மிஷன், மெதடிஸ்டு என்ற வேறுபாடு வெள்ளை மிஷனரிக்குப் பெரிது. கிராமத்து மனிதருக்கு உபதேசியார் வீடு, பள்ளிக்கூடம், பாட்டு, மோட்டு மொழியிலோ டோபு மொழியிலோ வேதாகமம். இது இரண்டு பக்கத்துக்கும் பொது. இணைப்பு எளிதாக இருந்ததற்கு இதையும் கணக்கில் சேருங்கள்.

பவளப்பாறை:

நான் ஆசிரியர் வேலைக்காகப் போர்ட் மோர்ஸ்பியில் சில வருடம் இருந்தவன். ஞாயிறுகளில் ஹனுவாபாடா பக்கத்து ஐக்கிய சபைக் கோயில்களுக்குப் போயிருக்கிறேன். கேட்டதையும் பார்த்ததையும் சொல்கிறேன்.

பெரோவெட்டா என்றொரு பாட்டு வகை உண்டு. இசைக்கருவி எதுவும் கிடையாது. பெண்கள் உச்சக் குரலில் தொடங்க, ஆண்கள் அடிக்குரலில் தாளத்தை இடித்துக்கொண்டே வருவார்கள். வேதாகமக் கதைகள்தான் பொருள். பாட்டின் அமைப்பு குக் தீவிலிருந்து அந்த உபதேசியார்கள் கொண்டுவந்தது. இன்று அது பாப்புவாக்காரரின் சொந்தப் பாட்டு. ஊருக்கு ஊர் குழு, ஊருக்கு ஊர் போட்டி. முதல்முறை கேட்டபோது எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. கடற்காகம் சொல்லும் உபதேசியார்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டால், அந்தப் பாட்டில் இருக்கிறார்கள்.

ஆனால் அதே உபதேசியார்கள் தென் கடற்கரையில் பழைய ஆட்டங்களைத் தடுத்தவர்கள். முரசும் இறகுமாக ஆடிய இளைஞர்களைச் சபைக்கு வெளியே நிறுத்தினார்கள். தங்களை உள்ளூர் மக்களுக்கு மேலானவர்களாக நினைத்தவர்களும் உண்டு. பெரோவெட்டா வளர்ந்ததே அந்த ஆட்டங்கள் இருந்த இடத்தில்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்று போபோ. ஆண்டுக்கொரு முறை சபைக்கான காணிக்கை. குலம் குலமாக மேடைக்கு வந்து பணத்தை வைப்பார்கள். எந்தக் குலம் எவ்வளவு என்று அறிவிப்பார்கள். பழைய விருந்து வழக்கத்தில் ஒருவரை ஒருவர் விஞ்சிக் கொடுத்தார்களே, அதே வேகம் இதில் தெரியும். பெரிய கோயில்கள் எழுந்தது இந்தப் பணத்தில். சம்பளக்காரர்கள் மாதக் கணக்கில் கடன் வாங்கிக் கொடுப்பதையும் கண்டேன், அது எனக்கு வருத்தமாக இருந்தது. ஏழைக் குடும்பம் பட்டியலில் கடைசியில் வாசிக்கப்படுகிறது. கர்த்தருக்குக் கொடுப்பது அப்படி வாசிக்கப்படக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

தேரிக்காடு:

ஐயா, நீங்கள் சொன்ன போபோ நியூ பிரிட்டனிலோ சாலமன் தீவிலோ இதே உருவத்தில் இல்லையே. அது மோட்டு ஊர்களின் வழக்கம். ரபவுல் பக்கத்து டோலாய் மக்கள் மெதடிஸ்டு வழியில் வேறு விதமாகச் சேகரிக்கிறார்கள். வழிபாட்டு மொழியும் அப்படித்தான்: அங்கே மோட்டு, ரபவுலில் குவனுவா, தீவுகளில் டோபு, சாலமனில் ரொவியானா. மேலே ஒரு பெயர்ப்பலகை, கீழே நான்கு சபைகள். நான் சொன்னதும் இதுதான்.

மயிலாடிக்காரி:

அதனால் என்ன, தம்பி? கன்னியாகுமரிப் பேராயமும் ஆந்திரத்துப் பேராயங்களும் ஒரே மாதிரியா இருக்கின்றன? மொழி வேறு, காணிக்கை வழக்கம் வேறு, பாட்டு வேறு. ஒரே திருச்சபை என்றால் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒன்று கேட்க விரும்பினேன். ஃபிஜி உபதேசியார்கள் கொல்லப்பட்டார்கள் என்று எங்கோ வாசித்த நினைவு. அது இந்தச் சபையின் வரலாறுதானா?

கடற்காகம்:

ஆமாம் அக்கா. 1878 ஏப்ரல். நியூ பிரிட்டனின் கசல் தீபகற்பத்தில் சைலாசா நவுசுகிடி என்ற ஃபிஜி ஆயரும் மூன்று உபதேசியார்களும் உள்நாட்டுப் பக்கம் நடந்து போனபோது தலிலி என்ற தலைவனின் ஆட்களால் கொல்லப்பட்டார்கள். உள்நாட்டு வணிகத்தில் இடைத்தரகனாக இருந்த தலிலிக்கு இவர்கள் தன்னைத் தாண்டி உள்ளே போவது பிடிக்கவில்லை என்று சொல்லப்படுகிறது.

அடுத்து நடந்தது இன்னும் கசப்பானது. ஜார்ஜ் பிரவுன் வணிகர்களையும் உபதேசியார்களையும் சேர்த்துக்கொண்டு தண்டனைப் படை நடத்தினார். கிராமங்கள் எரிந்தன, ஆட்கள் செத்தார்கள். ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. ஒரு மிஷனரி துப்பாக்கியோடு போகலாமா என்ற விவாதம் நீண்ட காலம் ஓடியது. மற்றவர்களைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று பிரவுன் கடைசிவரை சொன்னார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாகத் தெரியவில்லை. சுவிசேஷம் சொல்ல வந்தவர் எரித்த ஊர்களுக்கு, அந்த ஊராரே பிறகு சபையாக வந்ததால் கணக்கு நேராகிவிடாது.

2007 ஆகஸ்டில் ரபவுல் பக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிய நிகழ்ச்சியில், கொன்றவர்களின் வழிவந்த டோலாய் மக்கள் ஃபிஜி நாட்டிடம் மன்னிப்புக் கேட்டார்கள். ஃபிஜியின் தூதர் வந்து ஏற்றுக்கொண்டார். தலைமை ஆளுநர் பவுலியாஸ் மடானே அங்கே இருந்தார். 129 ஆண்டு கழித்து. எரிக்கப்பட்ட ஊர்களுக்கும் அதே மாதிரி ஒரு நாள் வர வேண்டும் என்பது என் விருப்பம்.

லண்டன் மிஷன் பக்கமும் இரத்தம் உண்டு. 1881இல் கலோ ஊரில் குக் தீவு உபதேசியார்களும் மனைவி மக்களும் கொல்லப்பட்டார்கள். 1901 ஏப்ரலில் கோவாரிபாரி தீவில் ஜேம்ஸ் சால்மர்ஸ். சால்மர்ஸ் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். கலோவில் செத்தவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது.

பவளப்பாறை:

போரைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. இணைப்புக்கு அதுதான் பெரிய தூண்டுதல் என்பது என் கருத்து. தேரிக்காடு 1890ஐ வைக்கிறார், நான் 1942ஐ வைக்கிறேன்.

1942 ஜனவரி 23 அன்று ஜப்பானியப் படை ரபவுலைப் பிடித்தது. மெதடிஸ்டு மிஷனரிகள் சிறைப்பட்டார்கள். ஜூன் 22 அன்று கைதிகளை ஏற்றிக்கொண்டு மான்டிவிடியோ மாரு என்ற கப்பல் கிளம்பியது. ஜூலை 1 அன்று பிலிப்பைன்ஸின் லூசான் தீவுக்கு அப்பால் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று, உள்ளே இருப்பவர்கள் யாரென்று தெரியாமல் அதை மூழ்கடித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் இறந்தார்கள். அவர்களில் பத்துப் பேர் மெதடிஸ்டு மிஷனரிகள். குடும்பங்களுக்குப் போர் முடிந்த பிறகுதான் செய்தி தெரிந்தது. கப்பல் கிடந்த இடம் 2023 ஏப்ரலில்தான், 4,000 மீட்டருக்கும் கீழே, கண்டுபிடிக்கப்பட்டது. மெதடிஸ்டுச் செவிலியர் நான்கு பேர் ஜப்பானுக்குக் கொண்டுபோகப்பட்டு 1945இல் உயிரோடு திரும்பினார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நியூ பிரிட்டன், நியூ அயர்லாந்தில் மூன்றரை ஆண்டு வெள்ளை மிஷனரி இல்லை. கூடி ஜெபிப்பதற்கே தடை வந்த இடங்கள் உண்டு. உள்ளூர் ஆயர்களும் உபதேசியார்களும் காட்டுத் தோட்டத்திலும் குகையிலும் சபையைக் கூட்டினார்கள். சிலர் உயிரைக் கொடுத்தார்கள். போர் முடிந்து சிட்னியிலிருந்து ஆட்கள் திரும்பி வந்தபோது சபை இருந்தது. அதை நடத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் போய் நீங்கள் இன்னும் உதவியாளர்தான் என்று யார் சொல்ல முடியும்?

1950இல் தெற்கு மலைநாட்டில் மெண்டிக்கு மெதடிஸ்டுகள் போனபோது நியூ பிரிட்டனிலிருந்தும் நியூ அயர்லாந்திலிருந்தும் ஆட்கள் மிஷனரிகளாகப் போனார்கள். கடற்கரைத் தீவில் பிறந்தவர்கள், குளிரும் மழையுமான மலையில், புது மொழி கற்று. ஃபிஜிக்காரரின் பிள்ளைகளிடம் படித்தவர்கள் தாங்களே ஃபிஜிக்காரர் செய்த வேலைக்குப் போனார்கள். 1968இல் ரபவுலில் கூடியவர்களுக்கு இந்தத் தைரியம் இருந்தது. வரைபடக் கோடு மட்டும் இருந்திருந்தால் சேர்வதற்கு மனம் வந்திருக்காது.

ரபவுலைப் பற்றி ஒரு வரி. 1994 செப்டம்பரில் எரிமலை வெடித்து நகரத்தின் பெரும்பகுதி சாம்பலில் புதைந்தது. சபை பிறந்த இடத்தைப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேரிக்காடு:

ஐயாவின் பதிவு மிகவும் தொட்டது. போரை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் தைரியம் இணைப்புக்கு மட்டுமே போகாது என்பதற்கும் சாட்சி இருக்கிறது. சாலமனின் மேற்குத் தீவுகளில் ஜான் ஃபிரான்சிஸ் கோல்டி 1902 முதல் 1951 வரை மெதடிஸ்டு வேலையை நடத்தினார். அரை நூற்றாண்டு ஒரே மனிதர். போர்க்காலத்தில் பெரும்பாலான மிஷனரிகள் வெளியேறினார்கள். அவர் காலத்துக்குப் பின் வந்த இளம் மிஷனரிகளுக்கும் மக்களுக்கும் இடையே விரிசல். நியூ ஜார்ஜியாவின் வடபகுதியில் சைலஸ் ஏட்டோ என்ற உபதேசியார் தன் வழியில் ஆராதனை நடத்தினார். மக்கள் ஆவியில் ஆடினார்கள், அழுதார்கள். மிஷன் அதை ஏற்கவில்லை. 1960 வாக்கில் அவரும் ஆயிரக்கணக்கானோரும் பிரிந்து கிறிஸ்தவ ஐக்கிய சங்கச் சபை என்று தனியாகப் போனார்கள். அவரை மக்கள் புனிதத் தந்தை என்ற பொருளில் அழைத்தார்கள். 1968இல் அவர்கள் இணைப்புக்குள் வரவில்லை. இன்றும் தனிச் சபை. சொந்தமாக மரம் வளர்க்கிறது, பள்ளி நடத்துகிறது.

உபதேசியார்தான் அடித்தளம் என்று சொல்லும் அண்ணன் இதையும் பார்க்க வேண்டும். அந்தச் சபையை உருவாக்கியவரும் ஓர் உபதேசியார்தான்.

கடற்காகம்:

பார்க்க வேண்டிய விஷயம்தான், தம்பி. சைலஸ் ஏட்டோவைக் கேட்கும் பொறுமை மிஷனுக்கு இருந்திருந்தால் அந்த ஆயிரங்கள் உள்ளேயே இருந்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒன்று: குவாட்டோ. கிழக்கு முனையில் சின்னத் தீவு. சார்லஸ் ஏபல் 1891இல் அங்கே தொடங்கி, படகு கட்டுதல், மரம் அறுத்தல், கிரிக்கெட் எல்லாம் கற்றுக்கொடுத்துத் தனி உலகமாக நடத்தினார். 1918இல் லண்டன் மிஷனை விட்டே விலகினார். அந்தச் சபை பிறகு பாப்புவா எக்கலேசியாவோடு சேர்ந்து, அந்த வழியாக ஐக்கிய சபைக்குள் வந்தது. போனவர்களும் உண்டு, திரும்பி வந்தவர்களும் உண்டு.

மயிலாடிக்காரி:

1996 பற்றித் தேரிக்காடு முதலில் சொன்னாரே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஏன் பிரிந்தது?

பவளப்பாறை:

அக்கா, 1996இல் ஒரே சபை இரண்டானது: பாப்புவா நியூகினி ஐக்கிய சபை, சாலமன் தீவுகள் ஐக்கிய சபை. சாலமன் சபையின் தலைமையிடம் நியூ ஜார்ஜியாவின் முண்டா. கோல்டியின் மனைவி பெயரிலுள்ள ஹெலினா கோல்டி மருத்துவமனையும் அங்கேதான்.

சண்டை போட்டுப் பிரியவில்லை. 1975, 1978 என்று இரண்டு நாடுகளான பிறகும் பதினெட்டு ஆண்டு ஒரே சபையாக இருந்தார்கள். இரண்டு நாட்டுச் சட்டம், இரண்டு நாணயம், ஒரு பேரவைக்கு எத்தனையோ தீவுகளிலிருந்து படகும் விமானமும் பிடித்து வர வேண்டிய தூரம். அத்தோடு சாலமன் சபை மொத்தத்தில் சிறிய பங்கு. போர்ட் மோர்ஸ்பியில் முடிவுகள் எடுக்கப்படும்போது முண்டாவின் குரல் எவ்வளவு கேட்கும்? அதனால்தான் இதை ஆழமில்லாத இணைப்பின் விளைவு என்று தேரிக்காடு சொல்வதை நான் ஏற்கவில்லை. தன் நாட்டில் தன் சபையைத் தானே நடத்த வேண்டும் என்பது 1968இல் லண்டனிடமும் சிட்னியிடமும் சொன்ன அதே வார்த்தை.

என்னை உறுத்துவது பூகன்வில்தான். பழைய நாளில் பூகன்வில் மெதடிஸ்டு வேலை சாலமன் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1922 முதல் இரண்டையும் நடத்தியது நியூசிலாந்து மெதடிஸ்டுகள். நாட்டு எல்லை பூகன்வில்லை நியூகினியோடு வைத்தது. மிஷனோ சாலமனோடு வைத்தது. பூகன்வில்லின் தென்பகுதிக்கும் ஷார்ட்லண்ட், சோய்சல் தீவுகளுக்கும் திருமண உறவு, பேச்சு உறவு எல்லாம் உண்டு. பங்குனா செம்புச் சுரங்கத்தை ஒட்டி 1988 கடைசியில் தொடங்கிய போரில், அரசு தீவை முற்றுகையிட்டபோது, மருந்தும் ஆட்களும் படகில் போனதும் வந்ததும் இந்த வழியில்தான். 1992இல் பாப்புவா நியூகினிப் படை எல்லை தாண்டி ஷார்ட்லண்ட் பக்கம் தாக்கியதும் உண்டு. அந்தப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே சபை பிரிந்தது. பூகன்வில் பாப்புவா நியூகினிப் பக்கம் நின்றது. தன் நாட்டுப் படையால் முற்றுகையிடப்பட்ட சபை, அந்த நாட்டின் பெயரோடு இருந்தது. மருந்து கொடுத்த உறவினர்கள் மறுசபை ஆனார்கள். அந்த வருடம் பிரிந்திருக்க வேண்டாம். போர் முடியும்வரை பொறுத்திருக்கலாம்.

தேரிக்காடு:

ஐயா, பூகன்வில் எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதை நீங்கள் சொன்ன பிறகு என் கோடு வாதத்துக்கே பலம் கூடுகிறது. மிஷன் கோடு ஒரு பக்கம், அரசுக் கோடு ஒரு பக்கம். 1968இல் இரண்டும் ஒரே வீட்டுக்குள் அடங்கின, 1996இல் அரசுக் கோடு ஜெயித்தது. 2019இல் பூகன்வில்லில் நடந்த வாக்கெடுப்பில் 97 விழுக்காட்டுக்கும் மேல் தனிநாடு வேண்டும் என்றார்கள். தனிநாடு ஆனால் அங்கே மூன்றாவது ஐக்கிய சபை வருமா?

கடற்காகம்:

வரலாம் தம்பி, ஆனால் வர வேண்டிய கட்டாயம் இல்லை. பூகன்வில்லில் பெரும்பான்மை கத்தோலிக்கர். ஐக்கிய சபை அடுத்த இடம். தனிச் சபையாக நிற்க ஆட்கள் இருக்கிறார்கள், ஆயர் படிப்புக்கு மட்டும் வெளியே போக வேண்டியிருக்கும். கிழக்கு நியூ பிரிட்டனின் ரரோங்கோ வேதக்கல்லூரி 1960களிலேயே இரண்டு பழைய மிஷன்களும் சேர்ந்து தொடங்கியது. இணைப்புக்கு முன்பே அங்கே தென் கடற்கரைப் பையனும் டோலாய் பையனும் ஒன்றாகப் படித்தார்கள். நாடு எத்தனை ஆனாலும் அந்தக் கல்லூரியை ஒன்றாக வைத்திருக்க முடியும். சாலமன் சபையும் பூகன்வில்லும் அங்கே சமமான பங்கோடு மாணவர்களை அனுப்பட்டும், பேரவைகள் தனித்தனியாகக் கூடட்டும்.

தேரிக்காடு, சைலஸ் ஏட்டோவின் சபைக்குத் தனி இழை தொடங்குங்கள். அங்கே பேச நிறைய இருக்கிறது. பவளப்பாறை ஐயா, பெரோவெட்டா ஒலிப்பதிவு ஏதாவது உங்களிடம் இருந்தால் அந்த ஊர்க்காரர்களின் அனுமதியோடு இங்கே ஏற்றுங்கள்.